உன் முகமும் என் கைகளும்

மச்சாள்,

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக ஒரு வரியையும் திருத்த மாட்டேன். தமிழில் எழுதுவதால் எனக்குப் பயமும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நீ பாதியில் விட்டாய், நான் விடவில்லை. நீ இருந்திருந்தால் இரண்டு வரியை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "நீயே வாசிச்சுக் காட்டடி" என்று தாளை என் மடியில் போட்டிருப்பாய். நான் எனக்கு வேண்டியதை மட்டும் வாசித்திருப்பேன்.

முதலில் மல்லிகை மணம்தான் வந்தது. உன் ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்து எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்துக்குள் போனோம். மேடைக்குக் கீழே, ஒரு தாங்கியில், கதவளவு உயரத்தில் உன் படம். டூட்டிங் பூக்கடையிலிருந்து வந்த மாலை அதைச் சுற்றித் தொங்கியது. பூவின் மணத்தோடு புதுப் பிளாஸ்டிக் மணமும் கலந்திருந்தது. உன் அப்பா, என் மாமா, நேற்றுத்தான் ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்தவராம். எங்களில் ஒருவரும் அதற்கு முன் பார்க்கவில்லை.

சீலையில் நீ. எனக்கு அதுவே அதிர்ச்சி. உன் முகத்தை இரண்டு மடங்கு வெளுக்க வைத்திருந்தார்கள். புருவங்களைச் சீராக்கி, நெற்றியில் ஒரு கல்லுப் பொட்டும் வைத்திருந்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கீழே பார்வையை இறக்கினேன். அங்கே என் கை இருந்தது.

வலக்கையின் மேல் இடக்கை. இடக்கையின் சின்னவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. வலைப்பந்து விளையாடி முறித்து, சரியாகப் பொருந்தாமல் போன என் விரல். அது அம்மாவின் மயில்நீலக் காஞ்சிபுரம். நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குக் கட்டிய சீலை. கழுத்துக்குக் கீழே முழுவதும் நான்தான்.

அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். தன் சீலையை அவர் கவனிக்கவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நான் மாமாவிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, இந்தப் படம் எங்க எடுத்தது?"

"எடுத்ததில்லைப் பிள்ளை. ஸ்டூடியோ அண்ணை செய்து தந்தவர். போனில இருந்த முகத்தை அனுப்பினன். சீலையோட ஒரு படமும் இல்லை எண்டன். 'அதை நான் பாக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ' எண்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பிடி இருக்கு?"

"வடிவா இருக்கு மாமா."

அது பொய்யில்லை. வடிவாகத்தான் இருந்தது.

தலையை உடலோடு எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடினேன். இப்படித் தேடுவதற்கு நான் எங்கே பழகினேன் என்று உனக்குத் தெரியும்.

நீ நோயில் விழுவதற்கு முந்திய ஈஸ்டர் விடுமுறை. பள்ளி ஓவியப் பாடத்துக்கு, ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பெண்ணழகைப் பற்றி நான் எழுத வேண்டியிருந்தது. ஸ்ட்ரெதம் நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்து முடித்திருந்தேன். அசல் படங்களைப் பார்க்க லண்டன் நடுவிலுள்ள மியூசியத்துக்குத் தனியாகப் போக அம்மா விடவில்லை. உன்னைக் கூப்பிட்டேன்.

"வரேக்க டூட்டிங்கில இறங்கிக் கொத்துரொட்டி வாங்கித் தாறதெண்டால் வாறன்" என்றாய்.

அந்த அறையில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. பழைய சாயங்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் முதல் படத்தின் குறிப்பை வாசித்து முடிக்கும் முன்னே நீ வரிசை முழுவதையும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய்.

"எடி, எல்லாருக்கும் ஒரே முகம்."

"முகத்தைப் பாக்காத. இதில முகம் முக்கியமில்லை."

"பெண்களின்ர படம், முகம் முக்கியமில்லையோ? விசரோ உனக்கு?"

நான் நூலகத்தையே உன் தலையில் கொட்டினேன். நீண்ட முகம், கொக்கிபோல ஒரு கோட்டில் மூக்கு, மணியளவு வாய், கீற்றுக் கண். அந்தக் காலத்துக்கு அதுதான் அழகு, அதனால் எல்லோருக்கும் அதையே போட்டார்கள். வித்தியாசத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். சீப்பு எந்தச் சாய்வில் செருகியிருக்கிறது, உடுப்பில் என்ன பூ, கழுத்துப் பட்டி பின்னால் எவ்வளவு இறங்கிப் பிடரி தெரிகிறது. பல்லைக் கறுப்பாக்கிப் புருவத்தை மழித்திருந்தால் அவள் தாயானவள். சில படங்களில் முகத்துக்குப் பின்னால் அப்பிரகத் தூள் பூசியிருப்பார்கள், நாம் தலையைச் சரித்தால் அது மினுங்கும். நீ உடனே தலையைச் சரித்துப் பார்த்தாய், காவலர் உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கட மேக்கப் அன்ரி மாதிரி" என்றாய். "அவவிட்டப் போனாலும் எல்லாரும் ஒரே முகத்தோடதான் வெளியில வாறது. சீலையைப் பாத்துத்தான் ஆர் எண்டு பிடிக்கலாம்."

என் கட்டுரையில் அதற்கு நிகரான ஒரு வரிகூட இல்லை. நான் ஒரு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தேன், நீ வந்து கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றைச் சொன்னேன். ஓவியர் கோடு மட்டும்தான் வரைவார். பலகையில் செதுக்குகிறவர்கள் வேறு ஆட்கள். அதிலும் தலையைச் செதுக்குகிறவர் ஒருவர், உடலையும் உடுப்பையும் செதுக்குகிறவர்கள் அவருக்குக் கீழே வேலை பழகுகிறவர்கள். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தைச் செதுக்குவதுதான் ஆகக் கடினம். ஒரு பலகை பழசாகிவிட்டால் சில வேளை தலையை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதுக் கட்டையை இறுக்கி, வேறொருத்தியின் தலையைச் செதுக்குவார்கள். பழைய உடலில் புது ஆள். கழுத்துப் பட்டியின் கோட்டில் பொருத்தை மறைத்துவிடுவார்கள்.

"அப்ப பழைய தலைக்காரி?"

"அவளை அதுக்குப் பிறகு ஒருத்தரும் தேடமாட்டினம்."

"பாவமடி" என்றாய்.

அப்போது பக்கத்தில் இருந்து தாளில் படம் கீறிக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து வந்து, உன்னைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க முடியுமா என்று கேட்டாள். நீ கூச்சப்படவில்லை. பெருமைப்படவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "இவளைக் கீறுங்கோவன், இவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி என்னைக் காட்டினாய். அவள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு உன்னைக் கீறினாள். நான் ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் தாளைக் காட்டியபோது ஓரத்தில் என் தோள்மூட்டு மட்டும் வந்திருந்தது.

ரயிலில் நீ கேட்டாய், "என்ன மூஞ்சி?"

"ஒண்டுமில்லை."

"எரிச்சல்."

"ஓம்."

"சரி, கொத்தில பெரிய பங்கு உனக்கு."

பொறாமை என்பது நான் தமிழ்ப் பள்ளியில் படித்த சொல். எங்களுக்குள் அது எரிச்சல்தான். நீ அதை ஒருநாளும் இல்லையென்று சொல்லி என்னைத் தேற்றியதில்லை, நானும் மறைத்ததில்லை. அந்த அளவில் நாங்கள் ஒழுங்காக இருந்தோம்.

அதற்கும் சில வருஷம் முந்தி எனக்குச் சாமத்திய வீடு செய்தபோது உனக்குச் செய்யாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "எனக்கு வந்தது எனக்குத் தெரிஞ்சால் காணும், மண்டபம் பிடிச்சு ஊருக்குச் சொல்லத் தேவையில்லை" என்று மாமியிடம் சொன்னாய். மாமி அழுது பார்த்தார், நீ அசையவில்லை. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நாள் வேண்டும் என்று இருந்தது. ஒரு நாளாவது எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும்.

மேக்கப் அன்ரி விடியற்காலையிலேயே வந்து என்னை எழுப்பிவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. மண்டபத்தில் சிம்மாசனம் போன்ற கதிரையில் என்னை இருத்தினார்கள். நீ வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக, தலைமயிரை ஒரு இறப்பர் பட்டியால் கட்டிக்கொண்டு, குளிர்பானத் தட்டுடன் மேசை மேசையாகப் போனாய். என் காதுக்குப் பக்கத்திலேயே ஒருவர் அம்மாவைக் கேட்டார், "அந்த வெள்ளைச் சட்டைப் பிள்ளை ஆர்? நல்ல வடிவு."

படம் எடுக்க வந்த ஸ்டூடியோ அண்ணை என்னோடு நெடுநேரம் போராடினார். சிரித்தால் கூடிப்போனது, சிரிக்காவிட்டால் அழுவதுபோல இருந்தது. கடைசியில், "முகத்தை விடுங்கோ தங்கச்சி. கையை மட்டும் இப்பிடி வையுங்கோ" என்று இடக்கையை வலக்கையின் மேல் வைத்தார். கமராவில் பார்த்துவிட்டு, "ஆ, கை நல்லா வந்திருக்கு" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. மருத்துவமனையில் உன் தலைமயிர் கொட்டியது. புருவமும் போனது. நான் படித்த புத்தகங்களின்படி அதோடு வடிவும் போயிருக்க வேண்டும். ஒரு மாலை திராட்சைப் பழத்தோடு உன் அறைக் கதவடியில் வந்து நின்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய். வெறும் தலையின் வளைவும் காதும் கழுத்தும் ஒரே கோட்டில் இறங்கின. ஒரு ஓவியர் கையை எடுக்காமல் இழுத்த கோடு மாதிரி. நான் உள்ளே வராமல் நின்றேன். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய்.

"எடி, இதுக்குமா?"

"ஓம்."

நீ சிரித்துச் சிரித்து இருமி, தாதி ஓடிவந்தார். என்னைத்தான் ஏசினார்.

இப்போது மறுபடி மண்டபத்துக்கு வருகிறேன். பொருத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உன் கழுத்தில் ஒரு அகலமான பதக்கச் சங்கிலி இருந்தது. அன்று நான் போட்டது மெல்லிய சங்கிலி. பொருத்தை மறைக்க ஸ்டூடியோ அண்ணை நகை போட்டிருக்கிறார். அதற்கு மேலே உன் தோல், கீழே என் தோல்.

நான் ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன். படத்துக்கு நேரே எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"பாவம், என்ன பிள்ளை. குத்துவிளக்கு மாதிரி இருக்கிறாள்."

"கையைப் பாத்தியளே அக்கா? விரல் என்ன நீட்டு. பியானோ படிச்சவளோ தெரியாது."

"கையிலயே லட்சுமிகரம்."

"ரோல்ஸ் எடுங்கோ அன்ரி" என்றேன்.

அதே கையால் நீட்டிய தட்டிலிருந்து இருவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். "நன்றி பிள்ளை" என்று சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

அந்த அளவில் முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் மாமா என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. கல்லறைக் கல் தயாராகிவிட்டதாம். அதில் பதிக்கிற முட்டை வடிவப் பீங்கான் படத்துக்கு நாளைக்கு இந்தப் படத்தை அனுப்ப வேண்டுமாம். "மழை, பனி ஒண்டும் செய்யாதாம். எங்கட காலத்துக்குப் பிறகும் அப்பிடியே நிக்குமாம்" என்றார்.

உனக்காகக் கோபப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீ வேண்டாம் என்ற சீலையை, நீ வேண்டாம் என்ற பொட்டை, நீ பேச முடியாத நேரம் பார்த்து உனக்குப் போட்டுவிட்டார்கள் என்று. அதுவும் வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. உன்னிடம் எல்லாம் இருந்தது. என்னிடம் இருந்தது இந்தக் கை ஒன்று, அதுவும் இப்போது உன்னுடையதாகப் போகிறது, நான் செத்த பிறகும் அது உன்னுடையதாகவே இருக்கும். அதுதான் முதலில் வந்தது.

கூட்டம் குறைந்த பிறகு சமையலறைக்குப் போனேன். மாமி மிஞ்சிய புரியாணியை அலுமினியத் தட்டுகளில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"மாமி, படத்தில இருக்கிறது என்ர கை."

"என்ன பிள்ளை?"

"முகம் மட்டும்தான் அவள். மிச்சமெல்லாம் நான். என்ர சாமத்திய வீட்டுப் படத்தில இருந்து எடுத்திருக்கினம்."

மாமி கையைத் துடைத்துக்கொண்டு என் இடக்கையைப் பிடித்தார். சின்னவிரலை ஒருமுறை தடவினார். பிறகு கையை விடாமலே என்னை மண்டபத்துக்குள் கூட்டிப் போய், படத்துக்குப் பக்கத்தில் என் கையைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"அவளுக்கு நகம் கடிக்கிற பழக்கம்" என்றார். "நகத்தைக் கண்டுபோட்டு, ஸ்டூடியோக்காரர் வளத்து விட்டிருக்கிறார் எண்டு நினைச்சன்."

பிறகு மெதுவாகக் கேட்டார், "இருக்கட்டுமே மருமோள். உன்னில ஒரு பங்கை அவளுக்குக் குடு. ஒருக்காவாவது சீலையில நிக்கட்டும். எனக்கு வேற என்ன ஆசை இருக்கு?"

யாராக இருந்தாலும் ஓம் என்று சொல்லியிருப்பார்கள். என் வாயிலும் ஓம் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஏலாது மாமி."

"ஏன்?"

"எல்லாரும் என்ர கையைப் பாத்து அவளை வடிவு எண்டு சொல்லினம்."

"அவள் செத்துப்போனாள் பிள்ளை."

"ஓம் மாமி."

"செத்தவளிலயும் உனக்கு எரிச்சலோ?"

"ஓம்."

அடி விழும் என்று நினைத்தேன். மாமி பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடினார், தோள்கள் குலுங்கின. அப்பாவைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். முந்தானையை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்தது, ஆனால் அது சிரிப்புத்தான்.

"ஒரு வருஷமா வாற ஆக்களெல்லாம் பாவம், பாவம் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். அவளை ஒருத்தரும் பாவம் எண்டு சொன்னதில்லை முந்தி. என்ர பிள்ளையைக் கண்டு எரிச்சல்பட இனி ஒருத்தரும் இல்லை எண்டு இருந்தன்." மூக்கைத் துடைத்தார். "நீ இருக்கிறாய்."

பிறகு தன் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சரி, அப்ப நீயே சொல்லு. கல்லில எந்தப் படத்தைப் போட? எதைப் பாத்தால் உனக்கு ஆகலும் எரிச்சல் வருது?"

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் போனில் ஒரு படம் இருக்கிறது. டிராமில் எடுத்தது. நான் பிந்தி வந்ததற்காக நீ என்னை ஏசிக்கொண்டிருக்கிறாய். வாய் பாதி திறந்திருக்கிறது, ஒரு புருவம் மேலே போயிருக்கிறது, மழையில் நனைந்த மயிர் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதை நான் எங்கும் போடவில்லை. யாருக்கும் காட்டவில்லை, உனக்குக்கூட அனுப்பவில்லை. அனுப்பினால் நீ அதை முகப்புப் படமாக வைப்பாய், எல்லோரும் பார்ப்பார்கள். அதைத் தேடி எடுத்து மாமியிடம் நீட்டினேன்.

மாமி போனைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள்?"

"எனக்குப் பேச்சு நடக்குது."

"கல்லிலயும் வாய் மூடாமல் இருக்கப்போறாள்."

"இருக்கட்டும் மாமி."

"ஓம்" என்றார். "இருக்கட்டும்."

அப்பாவும் மாமாவும் சேர்ந்து பெரிய படத்தைத் தாங்கியிலிருந்து இறக்கினார்கள். ஏன் என்று மாமா கேட்டார், மாமி பிறகு சொல்வதாகச் சொன்னார். படத்தை வானுக்குள் ஏற்றும்போது ஒரு முனையை நான் பிடித்தேன்.

மச்சாள், கை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. இனி அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். நாளைக்கு உன்னுடைய அந்தப் படம் போகிறது. கல்லுக்கு முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் உன்னைப் பார்க்கப் போகிறார்கள், பக்கத்தில் நான் பூவோடு நிற்பேன், என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நினைக்கும்போதே நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் வருகிறது. துக்கத்தை எல்லோரும் பங்குபோட்டுக் கொண்டுபோனார்கள். இது மட்டும் எனக்கு. இதைக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இது வரும்போது நீ என்னைவிட ஒரு வயது மூத்தவளாக, என்னைவிட வடிவாக, எங்கோ பக்கத்தில் கொத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாய்.

கதிரைகளை அடுக்கிவிட்டு, மண்டபப் பொறுப்பாளர் பூட்டுவதற்காகத் திறப்புக் கோர்வையோடு கதவடியில் நிற்க, மேசை ஓரத்தில் இருந்துகொண்டு இதை எழுதத் தொடங்கினேன். மாமி பாத்திரங்களைச் சரிபார்த்து முடியும்வரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரைக் கேட்டார், அவரும் பொறுத்தார். இப்போது மாமி மேலங்கியைப் போட்டுவிட்டார். மேடைப் பக்கம் முதலில் இருண்டது, பிறகு நடுப்பக்கம், பிறகு நான் இருக்கும் பக்கம். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.